ஆயிரம் கிலோமீட்டர் பத்தியம்

போலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் ‘ரன்னிங்-இன் என்றால் என்ன?’ என்று ஒரு கேள்வி வந்தது. புதிய இன்ஜினையோ பிரித்துக் கோத்த இன்ஜினையோ, அதன் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை குறைந்த வேகத்திலும் குறைந்த சுமையிலும் ஓட்டுவது என்று எழுதினேன். இரண்டு மதிப்பெண்ணுக்கு இரண்டும் கிடைத்தது. அந்த இரண்டு மதிப்பெண்தான், அடுத்து வந்த பள்ளி விடுமுறையில், எங்கள் அம்மாவின் வேனைக் கிட்டத்தட்டக் கொன்றது.

அம்மா பெக்கான் நானாஸ் என்கிற எங்கள் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறார். அப்போது இருபத்திரண்டு பிள்ளைகள். அப்பா சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். விடிவதற்குள் எல்லைப் பாலத்தைத் தாண்டிவிடுவார், வீட்டில் பெரும்பாலும் தூங்குகிற நிலையில்தான் கிடைப்பார். ஆகவே வேனைப் பற்றிய முடிவெல்லாம் அம்மாவுடையது. நான் போலிடெக்னிக் போன பிறகு, யாரும் கேட்காமலேயே, என்னுடையதும் ஆனது. எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். வீட்டில் மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள், மழை வருமா என்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். நானும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

விடுமுறை தொடங்கியதும் வேனின் டீசல் இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யக் கொடுத்தோம். செய்தவன் என் நண்பன். ஆரம்பப் பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரன்; மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு வர்க்‌ஷாப்பில் நுழைந்தவன், இப்போது தனியாகவே வர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஊரில் அவனைப் போர்மேன் என்பார்கள். எங்கள் பக்கத்தில் வண்டி பழுதுபார்க்கும் எல்லாருமே போர்மேன்தான், கீழே வேலை செய்ய ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும். வேனை ஒப்படைக்கும்போது அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“மச்சான், ரொம்பத் தடவிக் குடுக்காத. ஏத்தத்துல மிதி, எறக்கத்துல விடு. ஒரே ஸ்பீடுல மட்டும் போயிடாத லா.”

நான் சிரித்துக்கொண்டேன். அறிவியல் தேர்வில் என் தாளைப் பார்த்து எழுதி என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவன் அவன். இதற்கு ரன்னிங்-இன் என்று பெயர் என்று அவனுக்கு விளக்கினேன். தெரியும் என்றான். எனக்கு அவன் சொன்னதில் நம்பிக்கை இல்லை.

அம்மாவுக்குப் புரிய வைப்பதுதான் சவாலாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். பிள்ளை பெற்ற உடம்பு மாதிரி, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பத்தியம் என்று சொன்னேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஒரு வரியைப் பற்றி அன்று முழுவதும் பெருமையாக இருந்தேன். பாடப்புத்தகம் எழுதியவருக்குக்கூட இப்படித் தோன்றியிருக்காது என்று நினைத்தேன். தோன்றாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது, அது பிறகுதான் தெரிந்தது.

வேகமானியில் அறுபதுக்கு நேராகச் சிவப்பு டேப் ஒட்டினேன். ஆள் ஏற்றக்கூடாது, சுமை கூடாது. அம்மா என்னையும் மிஞ்சினார். வேனிலிருந்து கருவிப்பெட்டியை இறக்கினார், பிள்ளைகள் மறந்துவிட்டுப்போன தண்ணீர்ப் புட்டிகளை இறக்கினார், கடைசியில் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரையும் கையில் எடுத்து, இது ஒன்றும் கனமில்லை என்று தானே சமாதானம் சொல்லித் திரும்ப வைத்தார். எங்கள் தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரு வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுக்குப் போக வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. மறுநாள் காலையிலிருந்து பெண்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். வேனைத்தான் கேட்டார்கள். நான் குழாயைத் திறந்து கழுவப் போனபோது, பச்சைத் தண்ணீர் ஊற்றாதே தம்பி என்று ஒருவர் அக்கறையோடு தடுத்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மூலை வீட்டு அத்தையின் தம்பி பேத்திக்கு லாபிஸில் காதுகுத்து. அத்தை என்றால் உறவில்லை, எங்கள் வரிசைக்கே அவர் அத்தை. வரிசைப் பெண்கள் பத்துப் பேருக்கும் தலைவி. அவர்களை வேனில் அழைத்துப்போவதாக அம்மா இரண்டு மாதங்களுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். நான் நேராகப் போய், இன்ஜின் பத்தியத்தில் இருக்கிறது, லோடு ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

“நாங்க லோடா?” என்றார் அத்தை.

அறிவியல் முறையில் அப்படித்தான் என்றேன். பெண்கள் அன்று மாலையே லாபிஸ் போக ஏர்கான் வேன்காரரிடம் பேசி முடித்துவிட்டார்கள். அவரும் பள்ளி வேன் ஓட்டுபவர்தான். ஒரு வருடமாக அம்மாவின் வேனில் வரும் பிள்ளைகள்மேல் கண். பள்ளி விடுகிற நேரத்தில் வேன் கதவைத் திறந்து வைத்து ஏர்கானை ஓடவிடுவார். வெயிலில் காத்து நிற்கும் பெற்றோர்மீது அந்தக் குளிர் மெதுவாகப் போய்ப் படும்.

நான் தினமும் காலையில் வேனை எடுத்து பொந்தியான் வரை போய்த் திரும்பினேன். வழி முழுக்கத் தட்டை நிலம். இரண்டு பக்கமும் அன்னாசி. வேகம் ஐம்பத்தைந்து. ஒவ்வொரு நாளும் நோட்டுப் புத்தகத்தில் தூரம், வேகம் இரண்டையும் எழுதினேன். இரண்டாம் நாள் அன்னாசி லாரி ஒன்று என்னை முந்திப்போய், முன்னால் ஓரமாக நின்றது. ஓட்டுநர் மலாய்க்காரர், இறங்கி வந்து “ரோசாக் கெ, டிக்?” என்றார். வண்டி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார். கெடவில்லை, மெதுவாக ஓட்டிப் பழக்குகிறேன் என்று என் மலாயில் விளக்கினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு லாரியிலிருந்து ஓர் அன்னாசிப்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பழம் கிடைத்தது.

சில நாள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பேசமாட்டார். ஆனால் சாலை லேசாக மேடேறும் இடத்தில் அவருடைய வலது கால் தானாகத் தரை விரிப்பை அழுத்துவதை நான் கவனித்தேன். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை. மீட்டரில் எழுநூறு கிலோமீட்டர். வேனை வீட்டு வாசலில் திருப்பும்போது மூலை வீட்டு அத்தை துடைப்பத்தோடு நின்றிருந்தார். என் வேனின் பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, உன் பிள்ளைபெத்தவ பீடி பிடிக்கிறா.”

இறங்கிப் பார்த்தேன். எக்சோஸ் குழாயிலிருந்து நீலப்புகை வந்துகொண்டிருந்தது. இன்ஜின் எண்ணெயை அளந்தால், அளவுக் கம்பியில் அடிக்கோட்டுக்கும் கீழே. எண்ணெய் உள்ளே எரிகிறது. ஓவர்ஹால் செய்த இன்ஜினுக்கு இது வரவே கூடாத வியாதி. நான் என்ன செய்தேன் என்றால், பத்தியம் போதவில்லை என்று முடிவுசெய்து மாலையில் நாற்பத்தைந்தில் ஓட்டிப் பார்த்தேன். புகை கூடியது.

வேனுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அரசுப் பரிசோதனை அடுத்த புதன்கிழமை. அதில் குழாய்க்குள் கருவியை விட்டுப் புகையை அளப்பார்கள். தேறாவிட்டால் பிள்ளைகளை ஏற்ற முடியாது. அதற்கடுத்த திங்கள் பள்ளி திறக்கிறது. ஏர்கான் வேன்காரர் அதற்குள் இரண்டு வீடுகளுக்குப் போய், அந்த வேன் புகைகிறதாமே, பிள்ளைகளுக்கு இருமல் வருமே என்று வருத்தப்பட்டுவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேனை நண்பனிடம் கொண்டுபோனேன். அவன் குழாய்க்குள் விரலை விட்டு, எடுத்து, முகர்ந்தான். எப்படி ஓட்டினாய் என்றான். நான் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

“எல்லாப் பக்கத்திலயும் ஒரே நம்பரா இருக்கு,” என்றான். “அம்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு. அர்ச்சனை பண்ணியா, வண்டி ஓட்டினியா?”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் புதிதில் சொரசொரப்பாக இருக்கும். ஒன்றை ஒன்று உரசித்தான் அவை பொருந்தி உட்காரும். உரச வேண்டுமென்றால் ரிங்கைச் சுவரோடு சேர்த்து நெருக்க உள்ளே அழுத்தம் வேண்டும். சுமையோடு மிதித்தால்தான் அந்த அழுத்தம் வரும். ஒரே வேகத்தில் சும்மா உருட்டினால் ரிங் உட்காராது. சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும், எண்ணெய் மேலேறி எரியும். திரும்பப் பிரித்துச் சுவரைத் தேய்த்து வேறு ரிங் போட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். புதன்கிழமைக்குள் முடியாது.

“வேற வழி?”

“ஆள ஏத்து, மேட்டுல மிதி. ஒரு தூரப் பயணம் போய்ட்டு வர்றதுக்குள்ள ரிங் உக்காந்தா உக்காந்துச்சு. பாதிக்குப் பாதிதான் மச்சான், சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து பாடப்புத்தகத்தை எடுத்தேன். அவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான். ரன்னிங்-இன் பக்கத்தில் என் மஞ்சள் மை இரண்டு வரிக்கு ஓடியிருந்தது. இரண்டு மதிப்பெண், இரண்டு வரி. மூன்றாவது வரி வெள்ளையாக இருந்தது: சுமையையும் வேகத்தையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும், ஒரே வேகத்தில் தொடர்ந்து ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். நான் புத்தகத்தை மூடி, கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எனக்கு மூணாம் நாளே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சத்தமே சோம்பேறிச் சத்தம்.”

“ஏம்மா சொல்லல?”

“நீ படிச்சவன். நான் என்னத்தச் சொல்ல.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார்.

சுமைக்கு நண்பன் மணல் மூட்டை தருவதாகச் சொல்லியிருந்தான். மணல் எதற்கு, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் லாபிஸுக்குப் போகிறார்களே என்றார் அம்மா. யோங் பெங் தாண்டினால் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை ஏறி ஏறி இறங்கும். அதைவிட நல்ல மேடு வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அவர்களைக் கூப்பிட அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். வாக்கை முறித்தது நீ, நீயே போய்க் கூப்பிடு என்றார்.

சனிக்கிழமை மூலை வீட்டுக்குப் போனேன். அத்தை மைலோ கலக்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு மனசே சரியில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஆசைப்படுகிறார் என்று ஆரம்பித்தேன்.

“பத்தியம் முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு அத்தை.”

“எழுநூறுதானே ஆச்சு. ஆயிரம்னியே.”

தாமானே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. இடையில் கொஞ்சம் தளர்த்தலாம் என்று இப்போதுதான் தெரிந்தது என்றேன். அதுவும் பொய்யில்லை. அத்தை இறங்கி வருவதுபோல இருந்தது. அந்த நேரம் பார்த்து என் நண்பன் மோட்டார் சைக்கிளில் அந்த வழியாக வந்தான். எனக்கு உதவுவதாக நினைத்து வேலியோரம் நிறுத்தினான்.

“அத்தை, கண்டிப்பா போங்க. ஆள் எடை இருந்தாத்தான் வண்டி பொழைக்கும். அந்த மாடி வீட்டு அக்காவையும் விட்டுடாதீங்க, அவங்க ஒரு ஆளே ரெண்டு மூட்டைக்குச் சமம்.”

சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டான். அத்தை என் கையிலிருந்த மைலோவைத் திரும்ப வாங்கிவிடுவாரோ என்று தோன்றியது.

“அன்னைக்கு லோடுன்னு எங்கள வேணாம்னே. இன்னைக்கு லோடுன்னு வேணுங்கிறே.”

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. மூன்றாவது வரியைப் படிக்காதது, புதன்கிழமைப் பரிசோதனை, இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை முழுவதும் கேட்டார். பிறகு நிபந்தனை போட்டார். முன் இருக்கை அவருக்கு. திரும்பும் வழியில் யோங் பெங்கில் தேங்காய்ப்பால் ஐஸ் செண்டோல் சாப்பிட நிறுத்த வேண்டும். வண்டி கிளம்புமுன் பத்துப் பேர் முன்னிலையில், நான் சொன்னது தப்பு என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் சம்மதித்தேன். உடனே ஏர்கான் வேன்காரரை அழைத்து, எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு, உங்கள் வேன் குளிரில் முட்டி வலிக்கும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பேரும் பட்டுப்புடவையில் வந்தார்கள். சும்மா வரவில்லை. சீர்த்தட்டுகளோடு ஒருவர் ஒரு கட்டு தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்தார். இன்னொருவர் உரலைத் தூக்க முடியாமல் குழவியை மட்டும் கொண்டுவந்தார். மூலை வீட்டு அத்தை பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பின் இருக்கைக்கு அடியில் தள்ளினார். வண்டிக்கு நல்லது என்றார்கள். மாடி வீட்டு அக்கா ஏறும்போது வேன் ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு எல்லாம் தெரியும், அந்தப் போர்மேனை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னார். நான் கதவருகே நின்று, ரன்னிங்-இன் பற்றி நான் சொன்னது பாதிதான், மீதிப் பாதி தெரியாமல் பேசிவிட்டேன் என்று அறிவித்தேன். சத்தமாகச் சொல் என்றது பின் இருக்கை. திரும்பவும் சொன்னேன்.

பயணிகளை ஏற்றும் உரிமம் அம்மாவிடம்தான் இருக்கிறது. அவர் ஏறி உட்கார்ந்ததும் வேகமானியிலிருந்த சிவப்பு டேப்பைக் கிழித்து என் சட்டைப்பையில் ஒட்டினார். யோங் பெங் வரை பொறுமையாக வந்தார். முதல் மேட்டில் ஒரே மிதி. பத்துப் பேரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள். உச்சியில் காலை எடுத்தார், பத்துப் பேரும் முன்னால் வந்தார்கள். அடுத்த மேடு. அம்மா முகத்தில் பன்னிரண்டு நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் தெரிந்தது.

பின் கண்ணாடி ஓரம் உட்கார்ந்திருந்த மாடி வீட்டு அக்கா புகை நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தார். நீலம். இன்னும் நீலம். பின்னால் ஒரு கார் வந்தது, இப்போது அதைக் காணோம். செம்பனை லாரி ஒன்றை அம்மா மேட்டில் வைத்தே முந்தியபோது யாரோ கைதட்டினார்கள். மூலை வீட்டு அத்தை முன் இருக்கைக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினார்.

“பிள்ளை பெத்தவளக்கூட நாங்க மூணாம் நாளு நடக்க விட்டுருவோம். இவன் படுக்க வச்சே வைத்தியம் பாத்திருக்கான்.” அம்மாவைப் பார்த்தார். “நீயும் இவன இப்படித்தானே வளத்தே. சாப்பிட்ட தட்டக் கழுவியிருக்கானா இவன்?”

அம்மா கியரை மாற்றினார்.

லாபிஸ் போய்ச் சேர்ந்தபோது புகை கொஞ்சம் மெலிந்ததுபோல இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று பயமாகவும் இருந்தது. குழந்தை காதுகுத்தும்போது அழுதது. நான் வெளியே எக்சோஸ் குழாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அம்மா இன்னும் நன்றாக மிதித்தார். செண்டோலுக்கு நின்றோம். அதற்குப் பிறகு அக்காவின் குரல் கொஞ்ச நேரம் வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்பப் பின்னாடி வர்றவன் மூஞ்சி தெரியுது,” என்றார். “மீச வச்சிருக்கான்.”

எல்லாரும் திரும்பி அந்த மீசையைப் பார்த்தார்கள். பாவம், அவர் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கிவிட்டார்.

புதன்கிழமை பரிசோதனைக்கு அம்மாவும் நானும் போனோம். அதிகாரி குழாய்க்குள் கருவியைச் செருகி, முடுக்கியைத் தரை வரைக்கும் மிதித்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. நான் அந்தத் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் வலது காலைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதிகாரி தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். புகை அளவு எல்லைக்குக் கொஞ்சம்தான் கீழே, ஆனால் கீழே. எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழி அதுவல்ல, ஆனாலும் அம்மா ஏர்கான் வேன்காரர் வீட்டுப் பக்கமாகத் திருப்பினார். அவர் வாசலில் நின்று வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா பின்பக்கம் அவருக்கு நேராக வரும்படி நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

“அண்ணே, மணி என்ன ஆச்சு?”

அம்மாவின் கையில் கடிகாரம் இருந்தது. பதிலுக்குக் காத்திருக்கும்போது முடுக்கியை மெதுவாக இரண்டு தரம் மிதித்தார். அவர் எங்கள் எக்சோஸ் குழாயைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பதினொன்றரை என்றார். அம்மா நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை ஏறியது இருபது பிள்ளைகள். இரண்டு பேர் ஏர்கானோடு போய்விட்டார்கள், அது முழுக்க என் வேலை. அதற்கு முந்தின மாலை மூலை வீட்டு அத்தை வந்து, பின் இருக்கைக்கு அடியில் கிடந்த அரிசி மூட்டையைக் கேட்டிருந்தார். இன்னும் இருபது கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது, ஆயிரம் ஆகட்டும் என்று அம்மா மறுத்துவிட்டார். பிள்ளைகள் அதன்மேல் கால் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஆயிரமாவது கிலோமீட்டர் தமிழ்ப்பள்ளி வாசலில் முடிந்ததாம். மாலையில் அம்மா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, எண்ணைச் சொல்லிவிட்டு, குளிக்கப் போய்விட்டார். நான் என் தட்டைக் கழுவி வைத்தேன். பிறகு அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூலை வீட்டுக்கு நடந்தேன். வேலிக்கு வேலி பெண்கள் நின்றிருந்தார்கள்.

“மெதுவாப் போகாத தம்பி,” என்றார் மாடி வீட்டு அக்கா. “மிதி.”